சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிகள்: ஒரு சிங்கப்பூர்த் தமிழாசிரியரின் மதிப்பீடு

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் வாரத்துக்கு நான்கு மாலைகள் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். பகல் வேளைகளில் அறிவிப்புகளையும் கையேடுகளையும் மொழிபெயர்க்கிறேன். இந்த இரண்டு வேலைகளுக்கும் என் மடிக்கணினியில் எப்போதும் திறந்திருக்கும் பக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் நடத்திவரும் 'டிஜிட்டல் சவுத் ஏஷியா லைப்ரரி' என்னும் இணைய நூலகத்தின் தமிழ் அகராதிப் பகுதி அது. பல ஆண்டுகளாக நான் சார்ந்திருக்கும் அந்தச் சேவையைப் பற்றி, அதை இன்னும் அறியாத ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பயன்படும்படி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே எனக்கு இருந்தது. அதைப் பயன்படுத்த ஒரு வெள்ளிகூடக் கட்டணம் இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நான் அதைப் போற்றுவதற்குக் காரணம் வேறு. ஒரு சொல்லின் பொருளைச் சொல்லும்போது, அந்தப் பொருளில் அச்சொல் எந்த நூலில் எந்த இடத்தில் வந்திருக்கிறது என்ற மேற்கோள் சான்றையும் அது கையில் கொடுத்துவிடுகிறது. ஆசிரியர் சொல்லிவிட்டார் என்பதற்காக நம்பாமல், தானே போய்ப் பார்த்துத் தெளிந்துகொள்ளும் வழி மாணவருக்குக் கிடைக்கிறது.

அந்த வழியின் அருமையை என்னுடைய பிழை ஒன்றின் மூலமாகவே நான் உணர்ந்தேன். தமிழ் இலக்கியத்தைப் பாடமாக எடுத்திருந்த உயர்நிலை மூன்று மாணவி ஒருத்திக்குக் குறளின் அறிவுடைமை அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மனத்தை அது போன போக்கில் விடாமல், தீமையிலிருந்து விலக்கி, நன்மையின் பக்கம் 'உய்ப்பது' அறிவு என்று வரும் இடத்தில், 'உய்ப்பது' என்றால் பிழைக்கவைப்பது, வாழவைப்பது என்று சொல்லிவிட்டேன். செய்ந்நன்றி கொன்றவனுக்கு 'உய்வு' இல்லை என்ற இன்னொரு குறள் மனத்தில் ஊறியிருந்ததால் ஏற்பட்ட தடுமாற்றம் அது. அந்தப் பெண் ஏற்றுக்கொள்ளவில்லை. "நன்மையின் பக்கம் வாழவைப்பதுன்னா வாக்கியம் சரியா வரலையே, டீச்சர்" என்றாள். அவள் கேட்டது முற்றிலும் நியாயமானது. உடனே அகராதியைத் திறந்து 'உய்' என்று தட்டினோம். உய்தல் தனிப் பதிவாகவும் உய்த்தல் தனிப் பதிவாகவும் அடுத்தடுத்து வந்து நின்றன. முன்னது செயப்படுபொருள் குன்றிய வினை. உயிர்தப்புதல், ஈடேறுதல் என்பவை அதன் பொருள்கள். பின்னது செயப்படுபொருள் குன்றா வினை. செலுத்துதல், கொண்டுசேர்த்தல் என்பவை அதன் பொருள்கள். மனத்தை நன்மையின் பக்கம் செலுத்துவதே அறிவு என்று படித்ததும் அந்தக் குறள் அவளுக்கு விளங்கிவிட்டது. குறிப்பேட்டில் நான் சொல்லி எழுதியிருந்த வரியை அவளே அடித்துவிட்டு, சரியான பொருளை மேலே எழுதிக்கொண்டாள். அன்றுமுதல் ஐயம் எழுந்தால் என் முகத்தைப் பார்ப்பதற்குமுன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அதில் எனக்குப் பெருமையே.

இந்த அகராதியைப் புதிதாகத் திறப்பவர்கள் பதிவுகளைப் படிக்கும் முறையைச் சற்றுப் பொறுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். வினைச்சொற்கள் 'தல்', 'த்தல்' என்று முடியும் தொழிற்பெயர் வடிவில்தான் தலைச்சொல்லாக நிற்கும். அருகில் 4, 11 போன்ற எண்கள் இருக்கும். அவ்வினை எந்த வாய்பாட்டில் காலம் காட்டும் என்பதைக் குறிக்கும் எண்கள் அவை. உய்தல் நான்காம் வகை, ஆகவே உய்ந்தான் என்று வரும். உய்த்தல் பதினொன்றாம் வகை, ஆகவே உய்த்தான் என்று வரும். ஒரே வடிவில் பல சொற்கள் இருந்தால் தலைச்சொல்லின் மேல் சிறிய எண்ணிட்டுப் பிரித்திருப்பார்கள். பொருளை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் சுருக்கமாகத் தந்து, அதன்பின் நூற்பெயரின் சுருக்கத்தையும் செய்யுள் எண்ணையும் அடைப்புக்குறிக்குள் கொடுப்பார்கள். யாழ்ப்பாண வழக்கு, நாஞ்சில்நாட்டு வழக்கு, பேச்சு வழக்கு என்றெல்லாம் தெரிவிக்கும் குறிகளும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பு வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் பாட்டி சொல்லும் சொல் 'தவறான தமிழ்' என்று எண்ணிக் கூச்சப்பட்ட பிள்ளைக்கு, அச்சொல்லின் அருகில் யாழ்ப்பாண வழக்கைக் குறிக்கும் எழுத்து அச்சாகியிருப்பதைக் காட்டியபோது அந்த முகத்தில் தோன்றிய நிறைவு என் நினைவில் இன்னும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் இன்னொரு பெரிய வசதி உண்டு. தலைச்சொல்லை மட்டும் தேடுவதோடு, விளக்கப் பகுதி முழுவதையும் தேடும்படியும் கேட்கலாம். விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் அதைப் பொருளாகக் கொண்ட தமிழ்ச் சொற்கள் பலவும் வரிசையாக வந்துவிடுகின்றன. அதாவது, தமிழ் – ஆங்கில அகராதியாக எழுதப்பட்டது ஆங்கிலம் – தமிழ் அகராதியாகவும் பயன்படுகிறது. பழைய கோட்டை ஒன்றைப் பற்றிய விளக்கப் பலகைக்காக அகழிக்குரிய ஆங்கிலச் சொல்லைத் தட்டியபோது, எதிர்பார்த்த 'அகழி'யோடு 'கிடங்கு' என்ற சொல்லும் வந்தது. சரக்கு வைக்கும் இடம் என்று மட்டுமே நான் அறிந்திருந்த சொல்லுக்கு ஆழமான பள்ளம், அகழி என்ற பழைய பொருள்களும் உண்டு என்று அன்றுதான் அறிந்தேன். இந்தச் சொல்லிடம் கடைசியில் மீண்டும் வருகிறேன்.

இத்தளத்தில் உள்ள தமிழ் அகராதிகளுள் தலையாயது சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. அதற்கான பணி 1913-ஆம் ஆண்டு ஜே. எஸ். சாண்ட்லர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் பொறுப்பில் தொடங்கியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அது வெளிவந்தது. 1926-ஆம் ஆண்டிலிருந்து அதன் பதிப்பாசிரியராக இருந்து பணியை நிறைவேற்றியவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஆறு தொகுதிகளிலும் 1,04,405 சொற்கள் உள்ளன. பின்னர் வந்த பிற்சேர்க்கையில் மேலும் 13,357 சொற்கள் இடம்பெற்றன. கணினியே இல்லாத காலத்தில், ஒவ்வொரு சொல்லையும் நூல்களிலிருந்து தனித்தனித் தாளில் எடுத்தெழுதி, அடுக்கி, ஒப்பிட்டு முடித்த உழைப்பு அது. முன்பெல்லாம் அந்தக் கனமான தொகுதிகளைப் புரட்டுவதற்கென்றே நூலகத்துக்குப் போவேன். இப்போது ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் பார்க்கிறேன். இணையப் பதிவில் பக்க எண் இருப்பதால், அச்சுத் தொகுதியில் அது எந்தப் பக்கம் என்பதையும் தெரிந்துகொண்டு மேற்கோள் காட்டலாம்.

சென்னையில் பிறந்த நூல் சிகாகோவில் ஏன் இருக்கிறது என்று பெற்றோர் சிலர் கேட்டதுண்டு. 1890-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதல் அணுத்தொடர்வினையை நிகழ்த்திக் காட்டியதும், நோபெல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர்களின் வரிசையும்தான் நினைவுக்கு வரும். தமிழ் பயில்பவர்களுக்கு அங்கே நினைக்க வேண்டிய பெயர் ஏ. கே. ராமானுஜன். மைசூரில் 1929-ஆம் ஆண்டு பிறந்த அவர், வீட்டில் தாயாரோடு தமிழும் தெருவில் கன்னடமும் தந்தையாரோடு ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர். ஆனாலும் பழந்தமிழை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. சிகாகோவுக்கு வந்த புதிதில், 1962-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, பழந்தமிழுக்கு எளிய இலக்கண நூல் ஏதும் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு அங்குள்ள ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் இறங்கியபோது, உ. வே. சாமிநாதையர் 1937-ஆம் ஆண்டு பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணில் பட்டது. அதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அதன்பின் 1993-ஆம் ஆண்டு இறக்கும்வரை அப்பல்கலைக்கழகத்திலேயே இருந்து, சங்கப் பாடல்களையும் நம்மாழ்வார் பாசுரங்களையும் ஆங்கிலத்தில் தந்தார். நம் கவிதையை உலகக் கவிதை வாசகர்கள் அறிந்துகொண்டதில் அவருடைய பங்கு மிகப் பெரியது. சிங்கப்பூரில் நான்கு மொழிச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு அவருடைய கதையை நான் தவறாமல் சொல்வேன். தாய்மொழியின் பழைய செல்வத்தை வேறொரு நாட்டு நூலகத்தின் நிலவறையில் கண்டெடுத்த ஒருவரை அவர்களால் எளிதில் தமக்கு நெருக்கமானவராக உணர முடிகிறது.

சிகாகோவின் தமிழ்ப் பணியில் என்னை மிகவும் நெகிழச் செய்வது இன்னொன்று. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாள் முழுவதும் தமிழ் அச்சுநூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்துவந்தார். அவர் 1992-ஆம் ஆண்டு காலமானபின், ஏறத்தாழ ஒரு லட்சம் எண்ணிக்கையிலான அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ஆம் ஆண்டு வாங்கியது. அப்பல்கலைக்கழக நூலகத்தில் தென்னாசியப் பிரிவைக் கவனித்துவந்த ஜேம்ஸ் நை இதில் முன்நின்றவர். இணைய நூலகம் உருவானதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. வாங்கிய நூல்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று அமைத்து, நுண்படம் எடுத்துப் பாதுகாத்து, தமிழர் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவர் இப்படிச் செய்வது அரிது. அகராதியை யாரும் எங்கிருந்தும் தடையின்றிப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருப்பதும் அதே மனப்பான்மையின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான மதிப்பீடு ஆகாது. பேரகராதி 1930களோடு நின்றுவிட்ட நூல். சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் அறிவியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது இதை நன்றாக உணர்ந்தேன். அவரும் சிகாகோ பல்கலைக்கழகத்தவர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930-ஆம் ஆண்டு பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனாகிய வெண்குறுமீன் ஒன்று தாங்கக்கூடிய நிறைக்கு எல்லை உண்டு என்று கணக்கிடத் தொடங்கியவர். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையே அந்த எல்லை. அதைத் தாண்டினால் விண்மீன் தன் எடையாலேயே மேலும் சுருங்கி நொறுங்கிவிடும். 1935-ஆம் ஆண்டு லண்டனில் வானியல் அறிஞர் எடிங்டன் அந்த முடிவை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்துப் பேசினார். சந்திரசேகர் 1937-ஆம் ஆண்டு சிகாகோவில் சேர்ந்து, 1995-ஆம் ஆண்டு மறையும்வரை அங்கேயே ஆய்வு செய்தார். 1983-ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் ராமானுஜனுக்கு மெக்ஆர்தர் என்னும் அமெரிக்க அறக்கட்டளையின் நல்கையும் கிடைத்தது. அந்த மாணவனுக்குத் தேவைப்பட்ட கருந்துளை, வெண்குறுமீன் முதலிய சொற்களை 1936-ஆம் ஆண்டு நிறைவடைந்த அகராதியில் எதிர்பார்க்க இயலாது. கருந்துளைக்குரிய ஆங்கிலப் பெயரே 1960களில்தான் பரவியது. ஆகவே, அறிவியல் கட்டுரைக்கும் செய்தி மொழிபெயர்ப்புக்கும் இந்த அகராதியை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. இன்றைய எழுத்துத் தமிழுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கட்டாயம் அருகில் இருக்க வேண்டும்.

சொற்பிறப்பு பற்றிய குறிப்புகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பது என் இரண்டாவது அறிவுரை. தமிழ் வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பலவற்றை வடசொல்லாகப் பேரகராதி காட்டிவிட்டது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார். பாவாணரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 1974-ஆம் ஆண்டு தொடங்கியதற்கு அவர் எழுப்பிய குரலே காரணம். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஏற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் பேரகராதியின் தீர்ப்பே முடிந்த முடிவு என்று மாணவர்களிடம் சொல்லிவிடுவது தவறு. நல்வாய்ப்பாக, இதே இணைய நூலகத்தில் மொழியியல் அறிஞர்கள் பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பும் இருக்கிறது. தமிழ்ச் சொல் ஒன்றுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு, கோண்டி எனப் பிற மொழிகளில் உள்ள உறவுச் சொற்களை அதில் ஒரே இடத்தில் காணலாம். இரண்டையும் திறந்து வைத்து ஒப்பிடுவதே என் வழக்கம்.

இதே தளத்தில் வேறு தமிழ் அகராதிகளும் உள்ளன. ஃபாப்ரிசியசின் அகராதி பேச்சோடு ஒட்டிய தொடர்களுக்கு உதவும். டேவிட் மெக்ஆல்பினின் அடிப்படைச் சொற்றொகுப்பு, எழுத்து வடிவத்தோடு பேச்சு வடிவத்தையும் தருவதால், பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கும் நம் பள்ளிப் பாடத்திட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ஏற்றது. பேரகராதியின் விளக்கத் தமிழ் முந்தைய தலைமுறையின் நடையில், கிரந்த எழுத்துகள் கலந்து இருப்பதால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தனியே அதன்முன் உட்காரவைக்க வேண்டாம். தளத்தின் வழிகாட்டுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதையும் ஒலிப்பைக் கேட்கும் வசதி பேரகராதியில் இல்லாததையும் பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டும். உயர்நிலை மாணவர்களுக்கும் தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைப்பேன்.

கிடங்கைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். மரபுடைமை தொடர்பான பள்ளிப் பயிற்சித்தாள் ஒன்றில் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளைப் பற்றி ஒரு வரி இருந்தது. "கிட்டங்கின்னா என்ன டீச்சர்?" என்று அதே உயர்நிலை மூன்று மாணவி கேட்டாள். அகராதியைத் திறந்தோம். கிட்டங்கிக்கும் கிடங்குக்கும் உள்ள உறவு தெரிந்தது. பள்ளம், அகழி, சரக்கு சேர்த்துவைக்கும் இடம் என்று அந்தச் சொற்குடும்பம் விரிந்தது. மலாயில் குடாங் என்றும் ஆங்கிலத்தில் கோடவுன் என்றும் வழங்கும் சொல்லுக்கு வேர், தெலுங்கு – தமிழ்க் கடற்கரைகளில் வழங்கிய இந்தச் சொற்களே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதையும் சொன்னேன். நம் துறைமுகத்தில் நாள்தோறும் புழங்கும் சொல்லுக்குள் இத்தனை தூரப் பயணம் இருப்பது அவளுக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் சரக்கறை என்ற பொருள் பயிற்சித்தாளின் வரியோடு முழுவதும் பொருந்தவில்லை. அங்கே செட்டியார்கள் கடன் கொடுத்து வாங்கினார்கள் என்று அல்லவா எழுதியிருந்தது? எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை வேளையில் வந்து அமரும் பெரியவர் ஒருவர், சிறுவயதில் ஒரு கிட்டங்கியில் கையாளாக இருந்தவர். அவரிடம் அவளை அழைத்துப் போனேன். "தாத்தா, கிட்டங்கியிலே சாமான்தான் இருக்குமா?" என்று கேட்டாள். "சாமான் எங்கம்மா இருந்துச்சு? ஆளுங்கதான் இருந்தோம். ஒவ்வொரு செட்டியாருக்கும் ஒரு சின்ன மேசைப்பெட்டி. பகல்ல அதுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்து கணக்கு. ராத்திரி அங்கேயே பாயை விரிச்சுப் படுக்கை. விசேஷ நாள்ல டேங்க் ரோடு கோயில்" என்றார். அந்தக் கட்டடங்கள் இப்போது இல்லை. டேங்க் ரோட்டில் 1859-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. நான் அச்செடுத்துக் கொடுத்திருந்த அகராதிப் பதிவின் கீழ், சிங்கப்பூர் வழக்கு என்று தலைப்பிட்டு, பெரியவர் சொன்னதை ஒரே வரியில் பென்சிலால் எழுதினாள். அந்தத் தாள் இப்போது அவளுடைய குறிப்பேட்டில், உய்ப்பது பற்றிய திருத்தத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.